பரிசோதனை நெகட்டிவ், ஆனாலும் பயம் போகவில்லை: என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் முன்பின் அறியாத ஒரு பெண்ணுடன் இருந்திருக்கிறீர்கள். முத்தமிட்டுக்கொண்டீர்கள், கைகளால் தொட்டுக்கொண்டீர்கள், ஆணுறை இல்லாமல் ஓரிரு நிமிடம் அவர் உங்களுக்கு வாய்வழி உறவு கொடுத்தார். அதற்கு மேல் உடலுறவு நடக்கவில்லை. அன்று உங்கள் விரலில் நகக்கண்ணை ஒட்டி ஒரு கீறல் இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் தொண்டை வலித்தது, நாக்கில் வெள்ளையாகப் படிந்தது, வயிற்றுப்போக்கும் வந்தது. இருபதாம் நாள் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை நெகட்டிவ். ஆனாலும் இரவில் தூக்கமில்லை. மனைவியிடமிருந்து விலகியே படுக்கிறீர்கள். இரண்டு வயது மகள் ஓடிவந்தால் அவளுக்கு முத்தம் கொடுக்கக்கூடத் தயங்குகிறீர்கள். "எனக்கு எச்.ஐ.வி. வந்திருக்குமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் அது பாதிதான். நெகட்டிவ் என்று கையில் தாள் இருந்தும் ஏன் நம்ப முடியவில்லை என்பது மீதிப் பாதி. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

பால்வினை நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவன் நான். உங்களை நேரில் பார்க்கவில்லை, உங்கள் தொண்டையையோ தோலையோ பரிசோதிக்கவில்லை. ஆகவே நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்தது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அந்த அளவில், எச்.ஐ.வி. பற்றி நீங்கள் பயப்படும்படியான எதுவும் அன்று நடக்கவில்லை. வேறு சில தொற்றுகளுக்குச் சிறிய வாய்ப்பு உண்டு. அவற்றைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தவும் முடியும். நீங்கள் எதற்காகத் தூக்கத்தை இழந்திருக்கிறீர்களோ அது வரவில்லை; எதைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லையோ அதற்குத்தான் பரிசோதனை தேவை.

எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். அந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக வேண்டுமென்றால், ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பிறப்புறுப்பின் அல்லது ஆசனவாயின் உட்பகுதித் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில் ஒன்று போதுமான அளவு வைரஸோடு இன்னொருவரின் ரத்த ஓட்டத்தையோ உள்ளுறுப்புகளின் ஈரச்சவ்வையோ சென்றடைய வேண்டும். எச்சில், வியர்வை, கண்ணீர் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. எச்சிலில் வைரஸைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. அதன் உப்புச் செறிவும் ரத்தத்தைவிட மிகக் குறைவு. வைரஸைச் சுமந்துவரும் அணுக்கள் அதில் ஊதி உடைந்துவிடும். உங்களுக்கு நடந்ததில் உங்கள் உறுப்பைத் தொட்டது அவருடைய எச்சில் மட்டுமே. உடலுக்கு வெளியே வந்து உலரத் தொடங்கினாலே இந்த வைரஸின் தொற்றும் திறன் வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் கதவுப்பிடி, கழிப்பறை இருக்கை, துண்டு ஆகியவற்றால் யாருக்கும் எச்.ஐ.வி. வருவதில்லை.

இனி அந்த விரல் கீறல். உங்கள் கடிதத்தில் மிக நீளமான பத்தி அதைப் பற்றியதுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டுள்ள மதிப்பீடு ஒன்று இங்கே உதவும். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி மருத்துவப் பணியாளரின் சதையில் குத்திவிட்டால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 10,000 இல் 23. அதாவது நிச்சயமாகத் தொற்றுள்ள ரத்தம் ஊசி வழியே சதைக்குள் இறங்கிய பிறகும், 1,000 பேரில் 997 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. அத்தகைய விபத்தோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே ரத்தம் நின்று காய்ந்துபோன நகக்கண் கீறலால் ஒருவரைத் தொட்டது கணக்கிலேயே வராது. தொட்டால் எரிகிறதா என்று சானிடைசர் ஊற்றிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எரிச்சல் இருப்பதால் வைரஸ் நுழைய வழி இருக்கிறது என்று பொருளல்ல. மேல்தோல் லேசாக உரிந்திருந்தாலே சானிடைசர் எரியும்.

ஆணுறை இல்லாமல் பெண்ணுறுப்பு வழியே உறவு கொண்டிருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து அவர் சிகிச்சையும் எடுக்காத நிலையில், ஆணுக்கு ஒரு முறையில் தொற்றும் வாய்ப்பு 10,000 இல் 4 என்கிறது அதே மதிப்பீடு. பெண்ணுக்கு 10,000 இல் 8. ஆசனவாய் வழியே உறவை ஏற்பவருக்கு 10,000 இல் 138. இந்த எண்களை "ஆபத்தே இல்லை" என்று சொல்வதற்காக நான் தரவில்லை. திரும்பத் திரும்ப நடக்கும்போது இவை கூடிக்கொண்டே போகும். எந்தச் செயல் எந்தப் படியில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தருகிறேன். வாய்வழி உறவை அந்தப் பட்டியலில் எண்ணே போடாமல் "குறைவு" என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். எண்ணிச் சொல்லும் அளவுக்கு நிகழ்வுகள் கிடைப்பதில்லை என்பதே காரணம். அந்தக் "குறைவு" என்ற வரம்புக்குள்ளும், யாருடைய வாய்க்குள் விந்து போகிறதோ அவருக்குத்தான் வாய்ப்பு சற்று அதிகம். நீங்கள் அந்தப் பக்கத்தில் இல்லை.

"மிகக் குறைவு", "அநேகமாக இல்லை" என்றெல்லாம் மருத்துவக் குறிப்புகள் எழுதுவதே பயந்த மனத்துக்குப் பெரிய தொல்லையாகிவிடுகிறது என்பதை நான் அறிவேன். அறிவியலில் ஒன்று ஒருபோதும் நடக்காது என்று நிரூபிப்பது கடினம். அதனால் எழுதுபவர் ஒரு சிறு கதவைத் திறந்தே வைக்கிறார். பயத்தில் இருப்பவர் அந்தக் கதவுக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்கிறார். உங்களை நேரில் பார்க்கும் அனுபவமுள்ள எந்த மருத்துவரும், இந்தச் சம்பவத்துக்கு மட்டும் என்றால், எச்.ஐ.வி. பரிசோதனையே கேட்டிருக்க மாட்டார். "குறைவு" என்ற சொல்லை நாங்கள் நடைமுறையில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் சில வரிகளையும் தொட்டாக வேண்டும். அவர் எப்படிப்பட்டவர், எத்தனை பேருடன் பழகியிருப்பார், ஏன் மெலிந்திருந்தார் என்றெல்லாம் யோசித்திருக்கிறீர்கள். தோற்றத்தை வைத்து யாரிடமும் தொற்று இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளில் என்னாலும் முடிந்ததில்லை. ஆபத்து நடந்த செயலைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்ததல்ல. ஒருவேளை அவருக்கு எச்.ஐ.வி. இருந்தே இருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்றவே தொற்றாது. இதை நம்பிக்கையாக அல்ல, நிறுவப்பட்ட உண்மையாகவே சொல்கிறேன். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணையர்களைத் தொடர்ந்து கவனித்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்ட முடிவு 2019 இல் வெளியானது. ஆணுறையில்லாத உறவு ஏறத்தாழ 76,000 முறை நடந்தும், சிகிச்சையில் இருந்த இணையரிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை.

அறிகுறிகளுக்கு வருகிறேன். எச்.ஐ.வி. தொற்றிய சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு, நெறி கட்டுதல் ஆகியவை வரும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண வைரஸ் காய்ச்சல் பலவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான். தொற்று உள்ள சிலருக்கு எதுவுமே தெரியாமலும் போகும். ஆகவே அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்கள் வெள்ளை நாக்கும் வயிற்றுப்போக்கும் ஏன் வந்தன என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், வாய் உலர்ந்து கிடந்தால் நாக்கில் படிவு கூடும். பதற்றத்தில் வயிறு கலங்கும். இவையே காரணம் என்று நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒருவர் தம் செல்பேசியைத் திறந்து காட்டினார். தினமும் காலையில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த நாக்கின் படங்கள், தேதிவாரியாக. அவருடைய தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. நெறி கட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்க அழுத்தி அழுத்திப் பார்த்ததில் வந்த வீக்கம் அது. அந்த வீக்கத்தையே அவர் நோயின் சான்றாக என்னிடம் காட்டினார். நீங்களும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது பரிசோதனை. நீங்கள் எடுத்தது ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை. அது தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை மட்டும் தேடுவதில்லை. வைரஸின் பாகமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடுகிறது. அதனால் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். தொற்றியவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏறத்தாழ 18 நாட்களிலேயே இதில் பாசிட்டிவ் ஆகிவிடுகிறார்கள். 45 நாட்களில் அநேகமாக எல்லோருமே. ஆகவே உங்கள் இருபதாம் நாள் முடிவு நல்ல செய்திதான், ஆனால் அது மட்டுமே முடிவான விடை ஆகிவிடாது. அதே பரிசோதனை 45 நாள் கழிந்தபின் நெகட்டிவ் என்றால் கதை முடிந்தது. விரல் நுனியில் ரத்தம் எடுத்தோ வாய்த் திரவத்தைக் கொண்டோ செய்யும் ஆன்டிபாடி பரிசோதனையாக இருந்தால் 90 நாள். "ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்" என்று எங்கோ படித்து இடிந்துபோயிருக்கிறீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனை முதன்முதலில் 1985 இல் வந்தது. அன்றைய கருவிகளுக்குத் தொற்றைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நாள் பிடித்தது; அக்கால எச்சரிக்கையில் சொன்ன ஆறு மாதம் இன்னும் படியெடுக்கப்பட்டு உலவிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எடுத்த பரிசோதனைக்கு அது பொருந்தாது.

நீங்கள் கேட்காத பகுதிக்கு வருகிறேன். வாய்வழி உறவில் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் ஆகிய பால்வினைத் தொற்றுகள் பரவக்கூடும். கிளமிடியாவும் பரவலாம், ஆனால் அவ்வழியில் குறைவு. தொண்டையில் கொனோரியா இருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை, வலியும் இராது. ஆணுக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சிறுநீர் எரிச்சலும் சீழ்போன்ற கசிவும் வந்துவிடும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பது நல்லதே. ஆனாலும் இரண்டு வாரம் தாண்டிவிட்டதால், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் கொனோரியா, கிளமிடியா இரண்டையும் இப்போதே பார்த்துவிடலாம். சிபிலிஸ் கொஞ்சம் பொறுமை கேட்கும். தொற்றிய இடத்தில் 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், வலியில்லாத ஒரு புண் வரும். அது தானாகவே ஆறிவிடும் என்பதால் பலர் கவனிப்பதில்லை. ஆறு வாரத்தில் ஒரு முறையும் மூன்று மாதத்தில் ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்தால் போதும். இருந்தால் பென்சிலின் ஊசியில் குணமாகும். அந்த ஆறு வார ரத்தத்தை 45 நாள் கழிந்தபின் கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனையையும் அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ ரீதியாக அது தேவையில்லை என்பதே என் கருத்து. இருந்தாலும் எப்படியும் ரத்தம் கொடுக்கப்போகும்போது அதை மறுப்பதில் பயனில்லை.

ஹெர்பிஸில் மட்டும் என்னால் உங்களுக்கு முழு உறுதி தர முடியாது. வாயைச் சுற்றிக் கொப்புளம் உண்டாக்கும் அதன் முதல் வகை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருக்கிறது. பலருக்குச் சிறுவயதிலேயே, குடும்பத்தாரின் முத்தத்தில் வந்ததுதான். உங்களுக்கும் எப்போதோ வந்திருக்கலாம். புதிதாகத் தொற்றி அறிகுறி தோன்றினால் வழக்கமாக 2 முதல் 12 நாளுக்குள் வலியுள்ள கொப்புளங்கள் வரும், உங்களுக்கு அவை வரவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதில் தவறான பாசிட்டிவ் வருவதுண்டு. உங்களைப் போன்ற மனநிலையில் இருப்பவருக்கு அது இன்னொரு மாதத் தூக்கத்தைக் கெடுக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அது இந்தச் சம்பவத்துக்காக மட்டுமல்ல, பொதுவாகவே நல்லது.

குழந்தையைத் தூக்கலாம், முத்தமிடலாம், ஒரே தட்டில் ஊட்டலாம். உங்களுக்கு எச்.ஐ.வி. இருந்தாலும்கூட இவற்றில் எதுவும் அவளுக்குத் தொற்றைத் தராது. இதற்கு நாள் கணக்கு, பரிசோதனை எதுவும் பார்க்க வேண்டாம். மனைவியைப் பொறுத்தவரை, அருகில் இருப்பதற்கும் அணைப்பதற்கும் தடையில்லை. உடலுறவுக்கு மட்டும், சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள். அதன் பிறகு, சிபிலிஸின் மூன்று மாதக் கணக்கு முடியும்வரை ஆணுறை பயன்படுத்துவது அவருக்கு நீங்கள் காட்ட வேண்டிய நியாயம். புண் எதுவும் இல்லாமல் ஆறு வாரப் பரிசோதனையும் நெகட்டிவ் என்றால், மிச்சமிருக்கும் வாய்ப்பு மிகச் சிறியதே. நடந்ததை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் மருத்துவன் என்ற முறையில் எனக்கு ஒரே ஒரு கருத்துதான்: ஏதேனும் ஒரு பரிசோதனை பாசிட்டிவ் என்றால் சொல்லியே தீர வேண்டும், அவருக்கும் சிகிச்சை தேவை. மற்றபடி அது உங்கள் இருவருக்குமான விஷயம்.

இனி பயம். நெகட்டிவ் என்று வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினீர்கள். இரண்டாம் நாள் "சீக்கிரம் எடுத்துவிட்டோமோ" என்று தோன்றியது. மூன்றாம் நாள் "ஆய்வகத்தில் குப்பி மாறியிருந்தால்?" பிறகு இணையத்தில் தேடல், பிறகு கழுத்தைத் தடவல், பிறகு இந்தக் கேள்வி. இதே வரிசையை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை உறுதி தேடும்போதும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. நிம்மதி கிடைத்ததாலேயே மனம் அடுத்த முறையும் அதையே கேட்கிறது. இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. என் பதிலும் உங்களுக்கு அப்படி ஆகிவிடக்கூடும். நாளை இதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீண்டும் கேட்கத் தோன்றும். அதனால்தான் நாள் குறித்த ஒரு திட்டத்தைத் தருகிறேன்: இப்போது சிறுநீர், 45 நாள் கழிந்து ரத்தம், மூன்று மாதத்தில் சிபிலிஸுக்கு மட்டும் இன்னொரு முறை. இவற்றுக்கு நடுவே வேறு பரிசோதனை வேண்டாம், அறிகுறிகளை இணையத்தில் தேட வேண்டாம், நாக்கைக் கண்ணாடியில் பார்க்க வேண்டாம். தடுக்க முடியாத அளவுக்கு உந்துதல் வந்தால், அரை மணி நேரம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். பதற்றம் ஏறி, தானாகவே இறங்குவதை ஒரு முறை அனுபவித்துவிட்டால் அடுத்த முறை எளிதாகும்.

உங்கள் கடிதத்தில் "தண்டனை" என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. மனைவிக்குச் செய்த துரோகம் என்று நீங்கள் கருதும் ஒன்றுக்கு உடல் வழியே தீர்ப்பு வரும் என்று காத்திருக்கிறீர்கள் என எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். சரி என்றால், எத்தனை பரிசோதனை எடுத்தாலும் இந்தப் பயம் போகாது, ஏனென்றால் ரத்தத்தில் தேட முடியாத ஒன்றை அது தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குற்றவுணர்வை ஓர் ஆலோசகரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். 45 நாள் பரிசோதனையும் நெகட்டிவ் என்று வந்த பிறகும் சந்தேகம் விடவில்லை என்றால், அது நோய்ப் பதற்றமாகவோ, ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் எண்ணச் சுழற்சி நோயாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு, பேச்சு வழியாகவும் மருந்து வழியாகவும். மனநல மருத்துவரிடம் போவது உங்கள் பயத்தை யாரோ பொய் என்று சொல்வதாகாது. நீங்கள் படும் வேதனை உண்மையானது, அதன் காரணம் மட்டும் வேறு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால், எந்தப் பரிசோதனை நாளுக்கும் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நடந்தது இதைவிடப் பெரிதாக இருக்கலாம். உடலுறவின்போது ஆணுறை கிழிந்திருக்கலாம், ஆணுறையே இல்லாமல் நடந்திருக்கலாம், ஊசியைப் பகிர்ந்திருக்கலாம், வன்முறைக்கு உள்ளாகியிருக்கலாம். அவர்களுக்கு மேலே சொன்ன ஆறுதல் பொருந்தாது. தொற்றைத் தடுக்கும் பெப் என்ற மாத்திரைச் சிகிச்சை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இப்படிப் படித்துக்கொண்டிருப்பதில் நேரம் போக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்கு அது அன்றும் தேவைப்படவில்லை, இன்று நாளும் கடந்துவிட்டது. அதைத் தவறவிட்டோமே என்று புதிதாக ஒரு வருத்தத்தைத் தொடங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கை, பெயர் தெரிந்தால் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்; மிச்சம் இருந்தால் இனி தொட வேண்டாம். அரைகுறை மருந்து கொனோரியாவையும் சிபிலிஸையும் அழிக்காமல் மறைத்துவிடக்கூடும். உறுப்பில் வலியுள்ள அல்லது வலியில்லாத புண், சிறுநீர்த்துளையில் கசிவு, எரிச்சல், விதைப்பையில் வலி, உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ தடிப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் திட்டத்தில் உள்ள நாளுக்குக் காத்திருக்காமல் மருத்துவரை நேரில் பாருங்கள். அவரிடம், என்னிடம் சொன்னது போலவே, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.